டேர்டெவில், முதல் சீசன், 2-வது எபிசோட்: மூச்சு வாங்குகிற ஹீரோ

'கட் மேன்' என்ற தலைப்பிலேயே பாதிக் கதை வந்துவிடுகிறது. குத்துச்சண்டையில் ஒரு ரவுண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைப்பது 1 நிமிடம். அதற்குள் கிழிந்த புருவத்தில் அட்ரினலின் தோய்த்த பஞ்சை அழுத்தி, மேலே வாசலின் பூசி, ரத்தம் கண்ணுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்பவர்தான் கட் மேன். வடசென்னையில் பரம்பரைச் சண்டைகளின் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஆளின் அருமை தெரியும். இங்கே ஃப்ளாஷ்பேக்கில் குத்துச்சண்டை வீரரான அப்பா ஜாக்கின் முகத்துக்குத் தையல் போடுவது, பின்னாளில் டேர்டெவில் என்ற முகமூடி ஹீரோவாகப்போகிற சின்னப் பையன் மாட். பல வருடம் கழித்து, குப்பைத்தொட்டியில் குற்றுயிராகக் கிடக்கும் மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பது நர்ஸ் கிளேர்.

2015-இல் வந்த எபிசோட். எழுதியவர் ட்ரூ காடர்ட், இயக்கியவர் ஃபில் ஆபிரகாம். இன்றும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் கடைசியில் வரும் காரிடார் சண்டைதான் காரணம். கடத்தப்பட்ட சிறுவனை மீட்க மாட் உள்ளே நுழைகிறான். சுமார் 3 நிமிடம், ஒரே ஷாட். கேமரா காரிடாரிலேயே நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிறதே தவிர, பக்கத்து அறைகளுக்குள் போவதில்லை. உள்ளே நடப்பது சத்தமாக மட்டும் நமக்கு வருகிறது. திடீரென்று ஒரு மைக்ரோவேவ் வெளியே பறந்து வருகிறது! நடிகர் சார்லி காக்ஸும் டூப் கிறிஸ் ப்ரூஸ்டரும் ஆள் மாறிக்கொள்ள இந்தக் கதவுகள்தான் வழி. முகத்தின் மேல்பாதியைக் கறுப்புத் துணி மூடியிருப்பதும் வசதி. ஸ்டண்ட் மாஸ்டர் ஃபிலிப் சில்வேரா.

ஆனால் சிங்கிள் ஷாட் என்ற சாமர்த்தியத்தைவிடப் பெரிய விஷயம் களைப்பு. ஒரு குத்துக்கு ரோப் கட்டிப் பத்தடி பறக்கிற அடியாள் இங்கே இல்லை. விழுந்தவன் மறுபடி எழுந்து வருகிறான். மாட் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான், தடுமாறுகிறான், கையை வீசினால் பாதி குறி தப்புகிறது. கட் இருந்தால் இந்த இடைவெளிகளை எடிட்டர் முதலில் வெட்டியிருப்பார், சண்டையும் செத்திருக்கும்.

சறுக்கிய இடமும் உண்டு. நெஞ்சுக்குள் காற்று அடைத்து நுரையீரல் சுருங்கிப்போன மாட்டுக்கு, கிளேர் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றுகிறார். முறை சரிதான். ஆனால் அது ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாக்குப்பிடிக்க மட்டுமே. குழாய் போட்டு வடிக்காவிட்டால் காற்று திரும்பவும் சேரும். இவனோ அதே ராத்திரி மொட்டை மாடியில் ஒருவனை விசாரித்துவிட்டு அடுத்த சண்டைக்குக் கிளம்புகிறான். களைப்பை இவ்வளவு நேர்மையாகக் காட்டியவர்கள் இதை மட்டும் கண்டும் காணாமல் விட்டிருக்கிறார்கள். மாட்டின் வக்கீல் நண்பன் ஃபாகியும் அவர்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் கேரனும் குடித்துவிட்டு ஊர் சுற்றும் பகுதி வேகத்தடை.

விசாரணைக் காட்சியில் கத்தி கண்ணருகே போகிறது, குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.

நெட்ஃபிளிக்ஸுக்காக எடுத்த தொடர், 2022-இல் டிஸ்னி பக்கம் போய்விட்டது. படம் முழுக்க இருட்டு. டிவியில் நிறத்தைத் தூக்கிக்காட்டும் விவிட் மோடையும் அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைத்துவிட்டு, விளக்கை நிறுத்தி, ஹெட்போனோடு பாருங்கள். தாம்பரம் ரயிலில் மொபைலில் போட்டால் திரையில் தெரிவது உங்கள் முகமாகத்தான் இருக்கும்.