இஎஸ்யூவா, விண்டோஸ் 11-ஆ, மின்ட்டா? காரைக்குடிக் கணினிகளை வைத்து ஓர் அலசல்

விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: “தம்பி, நல்லாத்தானே ஓடுது, அதை எதுக்கு மாத்தணும்?” நான் காரைக்குடியில் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணினி பார்த்துக் கொடுப்பவன். இப்போதைக்குக் கையில் நாலு கேஸ். டவுனில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை, ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஹோம்ஸ்டேவாக நடத்தும் ஒரு அண்ணன், அப்புறம் பள்ளத்தூரில் ஓர் ஆச்சி. சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பேசவும் பேரன் போட்டோ பார்க்கவும் மட்டும் கணினி வைத்திருக்கிறார். நாலுமே 2016, 2017 வாக்கில் வாங்கிய பெட்டிகள், நாலிலும் விண்டோஸ் 10. நாலுக்கும் ஒரே பதில் கிடையாது என்பது எனக்கே கொஞ்சம் லேட்டாகத்தான் உறைத்தது.

முதலில் “அப்படியே விட்டுவிடுவது” என்ற வழியைப் பார்த்துவிடுவோம், மற்ற எல்லாவற்றுக்கும் உண்மையான போட்டி அதுதான். செலவில்லை, வேலையில்லை, பழகிய திரை. சிக்கல் எங்கே என்றால், மென்பொருளில் இருக்கும் ஒரு பாதுகாப்பு ஓட்டை அடைபடும் நாள்தான் அது ஊருக்கெல்லாம் தெரியவரும் நாளும். நம்ம பக்கத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்: முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், வருஷத்தில் முக்கால்வாசி நாள் உள்ளே ஆளில்லை. ஒருநாள் பூட்டுக்காரர் வந்து தெருவில் பாதி வீட்டுக்குப் பின்கதவுப் பூட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் திருடனுக்கு எந்தப் பூட்டு சொத்தை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இன்னும் மாற்றாத வீட்டைத் தேடினால் போதும். மைக்ரோசாஃப்ட் மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட், விடுகிறது. பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் வைத்துக்கொண்டு எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று அலசுவதற்கு நல்லவர்களும் இருக்கிறார்கள், மற்றவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே நிறைய நிரல் பொதுவானது. ஆகவே 11-ல் அடைக்கப்படும் ஓட்டை பல நேரம் 10-லும் இருக்கும், அப்டேட் நின்றுபோன 10-ல் அது திறந்தே கிடக்கும்.

2017-ல் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். ஃபைலையும் பிரிண்டரையும் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற பகுதியில் இருந்த ஓட்டைக்கு மார்ச் 14 அன்றே பேட்ச் வந்துவிட்டது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் பரவியது மே 12. நடுவில் 59 நாள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் வரை வேலை நின்றுபோனது. மாட்டியதெல்லாம் பழைய எக்ஸ்பி என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அதாவது பேட்ச் கிடைத்தும் போடாமல் இருந்தவை. இன்னொன்று, அதற்கு யாரும் எந்த லிங்கையும் அமுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. “நான் கண்டதையும் கிளிக் பண்ண மாட்டேன்” என்று சொல்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும்.

பேட்ச் போடாதவர்களைக் கிண்டல் செய்யும் தகுதி எனக்கு இல்லை. 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்று ஒன்று வந்தது, பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் வழியாகக் கணினியையே பிடித்துவிடக்கூடிய ஓட்டை. அதை அடைக்கும் வரிசையில், ஆகஸ்ட் பேட்சிலிருந்து நெட்வொர்க் பிரிண்டரின் டிரைவரைப் போட அட்மின் அனுமதி கட்டாயமானது. சரியான மாற்றம்தான். ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம், சேலைக் கடையின் இரண்டாவது கவுன்டரில் கூட்டம் நெட்டிக்கொண்டு நிற்க, பிரிண்டர் பில் அடிக்காமல் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நின்றால் யாருக்குப் பொறுமை இருக்கும்? நான் செய்த காரியம், அட்மினாக நுழைந்து டிரைவரை முறையாகப் போடாமல், அந்தப் பேட்சைக் கழற்றி அப்டேட் சர்வீஸையே நிறுத்திவிட்டு, “ரெண்டு நாள்ல போட்டுக்கலாம்ணே” என்று சொல்லிவிட்டு வந்தது. அதைத் திரும்பத் திறந்து பார்த்தது 2023 பொங்கலுக்கு அப்புறம். பதினான்கு மாதம். ஒன்றும் ஆகவில்லை என்பது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

சரி, இஎஸ்யூ (Extended Security Updates). விண்டோஸ் 10-க்கே இன்னும் கொஞ்ச நாள் பாதுகாப்புப் பேட்ச் மட்டும் தரும் ஏற்பாடு. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை. 30 டாலர் கட்டலாம், அல்லது செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் பேக்கப் ஆக விட்டால் காசே வேண்டாம். எப்படியானாலும் அக்கவுண்ட் கட்டாயம், கணினியில் விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கான கணக்கு வேறு: ஒரு கணினிக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று வருடம். பழகிய திரை, பழகிய டேலி கணக்கு மென்பொருள், பழகிய பிரிண்டர், எதுவும் மாறாது என்பது இதன் பெரிய பலம். ஆனால் இது அவகாசம் வாங்குவது, அவ்வளவுதான். அது முடியும்போது இதே பேச்சை இன்னொரு முறை பேச வேண்டும்.

விண்டோஸ் 11-க்குப் போவதில் இரண்டு வகை, இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம். முறையாகப் போக வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பிராசஸர் இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், ஆக என் நாலு பெட்டியும் அவுட். புதுசு வாங்கலாம். காசு இருந்தால், டேலி, ஜிஎஸ்டி என்று ஓடும் கடைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இன்னொரு வகை, தடையைச் சுற்றிக்கொண்டு பழைய கணினியிலேயே 11-ஐ ஏற்றுவது. காரைக்குடியில் ஐந்நூறு ரூபாய்க்கு யார் வேண்டுமானாலும் செய்து கொடுப்பார்கள். ஓடும், மாதாந்திர பேட்சும் பெரும்பாலும் வருகிறது. ஆனால் இப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. 11-ன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஹோம், புரோ இரண்டிலும் ஆயுள் 24 மாதம். அடுத்த பதிப்பு இந்தக் கணினிகளுக்குத் தானாக வராது, யாராவது உட்கார்ந்து கையால் ஏற்ற வேண்டும். அந்த யாராவது நான்தான். எனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று மேலே சொல்லிவிட்டேன்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு, 4 ஜிபி ரேமில் ஒழுங்காக ஓடும், பைசா கிடையாது. அப்டேட் முறைதான் முக்கியமான வித்தியாசம். விண்டோஸில் மாதப் பேட்ச் ஒரே மூட்டை, பிரிண்டர் பகுதி மட்டும் வேண்டாம் என்று பிரிக்க முடியாது, எடுத்தால் எல்லாம். மின்ட்டில் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் ஒரே பட்டியலில் தனித்தனி வரியாக வரும், ஒன்று தகராறு செய்தால் அதை மட்டும் நிறுத்திவைக்கலாம், டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவியைப் போட்டிருந்தால் நேற்றைய நிலைக்கே திரும்பலாம். வேலைக்கு நடுவில் ரீஸ்டார்ட் பண்ணு என்று கழுத்தைப் பிடிக்காது. இதுவே இதன் பலவீனமும்: கர்னல் ஓட்டைக்கான பேட்ச் வந்து உட்கார்ந்திருந்தாலும் ரீஸ்டார்ட் செய்யும்வரை பழைய கர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். தானியங்கி அப்டேட்டும் மின்ட்டில் இயல்பாக அணைந்தே இருக்கும், நாமாகப் போய்ப் போட்டுவிட வேண்டும்.

“லினக்ஸில் வைரஸே வராது” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2022 ஜனவரியில் அடைத்த பவ்ன்கிட் (PwnKit) ஓட்டை, 2009-லிருந்து கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருந்தது. உள்ளே சாதாரணப் பயனராக நுழைந்த எவரும் முழு அதிகாரம் எடுத்துக்கொள்ளலாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் (XZ) என்ற, லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்கப் பயன்படும் சின்ன மென்பொருளுக்குள் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நல்லபிள்ளையாக வேலை பார்த்து, நம்பிக்கை சம்பாதித்து, பின்கதவையே பொருத்திவிட்டிருந்தது வெளிவந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டியதில் அகப்பட்டது. அவர் அப்போது வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில் என்பதை லினக்ஸ் நண்பர்களிடம் சொல்லும்போது ஒரு தனி சுகம். மின்ட் அதில் தப்பியது, அது மெதுவாக நகரும் பதிப்பு என்பதால். அந்தச் சரக்கு அப்போது அங்கே வந்து சேர்ந்திருக்கவில்லை.

ஆக ஓட்டை எண்ணிக்கையை வைத்து நான் தீர்மானிக்கவில்லை. நான் கேட்டது வேறு: பேட்ச் வந்தால் அதை இந்த வீட்டில், இந்தக் கடையில், யார், எந்த நேரத்தில் போடுவார்கள்? செவ்வாய்க்கிழமை பேட்ச் நமக்கு ராத்திரி பத்தரை, பதினொன்றரைக்குத்தான் வருகிறது. சேலைக் கடையில் ஒன்பதரைக்கே மெயினை அணைத்துவிடுவார்கள். அப்போது அது இறங்குவது புதன் காலை பில் போடும் நேரத்தில், திட்டு எனக்கு. அங்கே டேலி விண்டோஸில்தான் ஓடும் என்பதால் மின்ட் பேச்சே எடுபடவில்லை, புதுக் கணினி வாங்கிவிட்டார்கள், ரீஸ்டார்ட்டை வியாழன் மதியம் கடை ஈயாடும் நேரத்துக்கு வைத்திருக்கிறேன்.

பட்டறையில் கணினியின் வேலை டிசைன் படம் காட்டுவது, வாட்ஸ்அப் வெப், விலைப்பட்டியல். மின்ட் போட்டாயிற்று. மாதாந்திர மின்தடை அன்று அப்டேட் பாதியில் கரண்ட் போனது, மறுநாள் போய் ஒரு கட்டளை தட்டிச் சரிசெய்தேன், பத்து நிமிஷ வேலை. ஆனால் பத்து நிமிஷ வேலைக்கு ஆத்தங்குடி வரை வண்டியில் போக வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஆச்சிக்கும் மின்ட் என்றுதான் நினைத்தேன். கடைசியில் கூகுளின் இயங்குதளமான குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் போட்டேன். அது புதிய பதிப்பைப் பின்னால் வேறொரு பாகத்தில் தயார் செய்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை ஆன் செய்யும்போது மாறிக்கொள்ளும். ஆச்சி தினமும் பேசி முடித்ததும் அணைத்துவிடுகிறார், “கரண்டு எதுக்கு வீணா”. என் வாடிக்கையாளர்களிலேயே பேட்ச் விஷயத்தில் முதல் மார்க் அவருக்குத்தான், அவருக்கு அது தெரியாது.

கானாடுகாத்தான் அண்ணன்தான் பாக்கி. இஎஸ்யூவில் சேர்த்துவிட்டேன், விருந்தாளிகளின் பாஸ்போர்ட் நகலெல்லாம் அந்தக் கணினியில் இருக்கிறதே என்ற பயத்தில். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு பேட்ச்கூட இறங்கவில்லை. வீட்டுச் சுவர் கனத்துக்கு வைஃபை பட்டாலைக் கூடத்தைத் தாண்டவில்லை என்று போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். டேட்டா தீர்கிறதே என்று அவர் மகன் அதை மீட்டர்ட், அதாவது அளவான டேட்டா உள்ள இணைப்பு, என்று குறித்து வைத்திருக்கிறான், அப்படிக் குறித்தால் விண்டோஸ் பெரும்பாலும் அப்டேட்டை இறக்காமல் காத்துக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் வயர் இழுக்கப் போகிறோம், தேக்குத் தூணில் ஆணி அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.