மூடி இறுகிய பெட்டி: 6 வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னோடு லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) எறிந்து மீன் பிடிக்க வரும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணா, லூர் 300-ஐத் தாண்டிடுச்சு. எல்லாத்தையும் வாட்டர்ப்ரூஃப் பெட்டிக்கு மாத்திடலாம்னு இருக்கேன். நீங்க 6 வருஷமா வெச்சிருக்கீங்களே, எப்படி இருக்கு?" என்று கேட்டார். அன்று காலையில்தான் அப்படிப்பட்ட பெட்டி ஒன்றைத் திறந்து, துருவேறிய 11 ட்ரெபிள் முள்களைக் (லூரில் தொங்கும் மூன்று முனைத் தூண்டில் முள்) கழற்றி எறிந்திருந்தேன். அந்தச் சூட்டில் "வாங்கவே வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது முழு உண்மை இல்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

என்னிடம் ரப்பர் பட்டை வைத்த வாட்டர்ப்ரூஃப் பெட்டிகள் 6, சாதா பெட்டிகள் 10. பெரும்பாலும் 3700 அளவு. 3600, 3700 என்பவை பிளானோ பெட்டிகளின் மாடல் எண்கள். இப்போது எந்தக் கம்பெனிப் பெட்டிக்கும் அதைத்தான் அளவாகச் சொல்கிறோம், தோள்பைகளும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. 3700 என்றால் சுமார் 14 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 2 அங்குல உயரம். என் பெட்டிகளில் நீளவாக்கில் 4 வரிசை. 11 செ.மீ. மினோ (சின்ன மீன் வடிவ லூர்) என்றால் வரிசைக்கு 3, பெட்டிக்கு 12. ஓர் அறைக்கு இரண்டு போட்டால் 24 ஆகுமே என்று தோன்றும். தோன்றட்டும், செய்யாதீர்கள். ட்ரெபிள் முள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால், ஒரு லூரை எடுக்கும்போது கூடவே மூன்று வரும். அவற்றைப் பிரிப்பதற்குள் எதிரே சுழித்துக்கொண்டிருந்த மீன்கூட்டம் போய்விடும். 300 லூருக்கு 25 பெட்டி என்ற கணக்கை ஏற்றுக்கொள்வதுதான் நல்லது. சின்ன கிராங்க்பெய்ட், ஸ்பூன் மாதிரியான குட்டி லூர்கள் எல்லாம் அந்த எண்ணைக் கொஞ்சம் குறைக்கும். நீர்மேல் தெறிக்கவிட்டு இழுக்கும் பெரிய பாப்பர் லூர்களுக்கு 2 அங்குல உயரம் போதாது. அழுத்தி மூடினால் முள்ளின் முனை மூடியில் உரசி மழுங்கும். அவற்றுக்கு ஆழமான பெட்டி தனியாக வேண்டும்.

சரி, வாட்டர்ப்ரூஃப் பெட்டிக்கு வருவோம். முதல் வருடம் அதைப் பாராட்டாத நாளில்லை. மூடி உட்காரும்போதே ரப்பர் பட்டை அமுங்குவது கையில் தெரியும். க்ளிப்புகள் 6 வருடத்தில் ஒன்றுகூட உடையவில்லை. தடுப்புகள் தடிமனாக, அடிவரை ஒட்டி நிற்கின்றன. 5 கிராம் ஜிக் (உலோக எடை வைத்த குட்டி லூர்) கூட அடியில் நுழைந்து பக்கத்து அறைக்குப் போகாது. ஒரு தடவை படகு ஓர் அலையில் சாய்ந்தபோது ஒரு பெட்டி அப்படியே நீரில் விழுந்தது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போக, நாங்கள் பின்னால் துடுப்புப் போட்டுப் போய் எடுத்தோம். உள்ளே ஒரு துளி இல்லை. அதில் இருந்தவை எனக்கு மிகவும் பிடித்த, பால்சா என்ற லேசான மரத்தில் செய்த மினோக்கள். அந்த ஒரு நாளுக்காகவே அந்தப் பெட்டிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதை மறுக்க முடியாது.

இரண்டாவது வருடம்தான் துரு ஆரம்பித்தது. முதலில் ஒரு முள்ளில் செம்பழுப்பாக ஒரு புள்ளி. அடுத்த வாரம் அதே அறையில் லூரின் வெள்ளை வயிற்றில் முள்ளின் வடிவத்திலேயே ஒரு கறை. அப்புறம் முள்ளை லூரில் கோக்கும் சின்ன வளையமான ஸ்பிளிட் ரிங் இருக்கும் இடங்கள். கவனக்குறைவு என் பக்கம்தான் என்று நினைத்து, கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசத் தொடங்கினேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். கடலில் போட்டு எடுத்த 12 லூர்கள். கழுவாமல், உதறிவிட்டு, 6 லூரை வாட்டர்ப்ரூஃப் பெட்டியிலும் 6 லூரைச் சாதா பெட்டியிலும் வைத்தேன். இரண்டு பெட்டியும் ஒரே அலமாரியில். 10 நாள் கழித்துத் திறந்தால், வாட்டர்ப்ரூஃப் பெட்டியின் மூடியின் உள்பக்கம் பனித்திருந்தது. 6 லூரிலும் முள் துருவேறிவிட்டது. சாதா பெட்டியில் இரண்டு முள் மட்டும் மங்கியிருந்தது, மற்றவற்றில் உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அதே தூசு, அதே வெப்பம். வித்தியாசம் அந்த ரப்பர் பட்டை ஒன்றுதான். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது, உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமலும் தடுக்கிறது.

காரணம் எளிமையானதுதான். சமையல் உப்பு, சுற்றிலும் உள்ள காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கண்ணுக்கு லூர் காய்ந்ததுபோலத் தெரியலாம்; முள்ளின் வளைவிலும் ஸ்பிளிட் ரிங்கின் இடுக்கிலும் உப்பு இருக்கும். மூடிய பெட்டிக்குள் ஒரே ஒரு ஈர லூர் இருந்தால் போதும், மொத்தப் பெட்டியின் காற்றும் அந்த 75-ஐத் தாண்டிவிடும். காய்ந்திருந்த மற்ற 11 லூர்களின் மேலுள்ள உப்பும் ஈரமாகிவிடும். முள் பெரும்பாலும் கார்பன் எஃகு, மேலே மெல்லிய பூச்சு. மீன் கடித்து, பாறையில் உரசி அந்தப் பூச்சு கீறிய இடத்தில்தான் துரு பிடிக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்பிளிட் ரிங் என்றால் இன்னும் வேகம். உப்பு நீர் நடுவில் இருக்க, ஸ்டெயின்லெஸ் தப்பித்துக்கொள்ள, கார்பன் எஃகு அரிபடும். ரிங் பளபளப்பாக இருக்கும்போது முள்ளில் ரிங் கோக்கும் கண் மட்டும் துருவேறியிருப்பது அதனால்தான்.

தயாரித்த கம்பெனிக்கு எழுதினேன். பெட்டியின் அட்டையிலேயே துருவிலிருந்து பாதுகாப்பு என்று அச்சிட்டிருந்தார்கள். "லூர்களை முழுவதும் உலர்த்திய பிறகு பெட்டியில் வைக்கவும்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சொன்னது தப்பில்லை. ஆனால் மீன் பிடிப்பவனுக்குச் சொல்லும் பதிலா அது? நாம் லூரை மாற்றுவது இருட்டு இறங்கும் அந்த 20 நிமிடத்தில். நீரிலிருந்து எடுத்ததைக் கழற்றி, அறையில் போட்டு, அடுத்ததை மாட்டி எறிகிறோம். ஈர லூரைத்தான் பெட்டிக்குள் வைக்கிறோம், எப்போதும் அப்படித்தான். உலர்த்தி வைக்கவேண்டிய பெட்டி என்றால் அது வீட்டு அலமாரிக்கு ஆனது. அதை அட்டையில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நியாயமாக மற்ற வழிகளையும் முயன்றேன். ஆவியாகப் பரவித் துருவைத் தடுக்கும் மருந்து கலந்த தடுப்புகள் கிடைக்கின்றன. அவை வேலை செய்கின்றன, ஆனால் சுத்தமான, உலர்ந்த உலோகத்தில். உப்புப் படிந்த முள்ளில் அந்த ஆவி ஒட்ட இடமே இல்லை. பெட்டியை நாளெல்லாம் திறந்து மூடினால் ஆவியும் போய்க்கொண்டே இருக்கும். சிலிக்கா ஜெல் போட்டேன். 5 கிராம் பொட்டலம் குடிக்கும் தண்ணீர் ஒன்றரை கிராம், மிஞ்சிப்போனால் 2 கிராம். பின் முள்ளில் இறகோ மயிரோ கட்டிய பாப்பர் ஒன்று அதைவிட அதிக நீரை வாலில் வைத்திருக்கும். முதல் நாளே பொட்டலம் நிறைந்துவிடும். அப்புறம் அது சும்மா கிடக்கும். நிறம் மாறும் ஜெல்லை வாங்கி அடுப்பில் 110 டிகிரி வெப்பத்தில் திரும்பத் திரும்பக் காயவைத்தேன். ஓய்வாக இருக்கும் மாதங்களில் அது அருமை, வாரம் இரண்டு முறை போகும் மாதங்களில் நடக்காத காரியம்.

பால்சா மினோக்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முள்ளை மாற்றிவிடலாம், அவற்றை மாற்ற முடியாது. மீன் பல் பதிந்த இடத்தில் மேல்பூச்சு உடைந்து மரத்துக்குள் நீர் இறங்கும். காற்று பட்டால் வந்த வழியே காயும். மூடிய பெட்டியில் காயாது. மரம் உப்பி, பெயின்ட் கொப்பளித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்த ஆரம்பிக்கும். கடலில் விழுந்தும் காப்பாற்றப்பட்ட அந்த மினோக்களில் இரண்டு அப்படித்தான் போயின.

சாதா பெட்டிகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று யோசித்தால் அதிகம் வரவில்லை. இரண்டில் க்ளிப் உடைந்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் கீல் வெளுத்து விரிசல் விட்டிருக்கிறது. தடுப்புகள் பெட்டி குலுங்கினால் மேலே எழும்பி, சின்ன ஜிக்குகள் அடுத்த தெருவுக்குப் போய்விடும். மழை பெய்தால் உள்ளே நனையும். ஆனால் நனைந்தது காயும். மூடியின் இரண்டு முனையிலும் 4 மி.மீ. துளைகள் சிலவற்றை நானே போட்டேன், வீட்டுக்கு வந்ததும் பெட்டியை நிமிர்த்தி நிறுத்திவிடுவேன். அடியில் தேங்கியது வடிந்துவிடும். முள் மாற்றும் வேலை பாதிக்குமேல் குறைந்துவிட்டது. இதுதான் எனக்கு எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம்.

எந்தப் பெட்டி வாங்கினாலும் ஒன்றைப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரொப்பிலீன், சாஃப்ட் பெய்ட் (புழுபோல வளையும் மெத்தென்ற பிளாஸ்டிக் இரை) பட்டாலும் ஒன்றும் ஆகாது. 6 என்றால் பாலிஸ்டைரீன். சாஃப்ட் பெய்ட்டை நெகிழ வைக்கும் எண்ணெய் கசிந்து, அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிப் பசையாக்கிவிடும். ஹார்டு லூர்களின் பெயின்டையும் அது விடாது. எனக்கு ஒரு தட்டும் 4 கிராங்க்பெய்ட்டும் ஒன்றாக ஒட்டிப் போயின. சாஃப்ட் பெய்ட்டை வந்த கவரிலேயே வைத்துவிடுங்கள். இழுத்தால் ரப்பராக நீளும் டிபிஇ வகையை மற்ற சாஃப்ட் பெய்ட்டோடு ஒரே பையில் கலக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்து உருகும்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் வாட்டர்ப்ரூஃப் பெட்டிதான் நன்றாகச் செய்யப்பட்ட பொருள். க்ளிப், தடுப்பு, கீல், மிதப்பது, எதிலும் சாதா பெட்டி கிட்டே நிற்க முடியாது. ஆனாலும் நான் இனி அதை வாங்க மாட்டேன். அடுத்து வாங்கப் போவது அந்தக் க்ளிப் உடையும் சாதா பெட்டிதான், இரண்டு. தம்பி நல்ல தண்ணீர் ஏரியில் மட்டும் எறிபவராக இருந்தால் என் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை, தாராளமாக வாங்கலாம். அவரோ பாதி நாள் என்னோடு கடலோரம் நிற்பவர்.

கையில் இருக்கும் 6 வாட்டர்ப்ரூஃப் பெட்டிகளையும் தூக்கிப் போட மனம் வரவில்லை. நேற்று இரவு ஒரு பெட்டியின் மூடியிலிருந்து ரப்பர் பட்டையை நகத்தால் நெம்பி உருவி எடுத்தேன். முழுசாக, அறுபடாமல் வந்தது. மற்ற 5 பெட்டிகளையும் இன்று மாலை பார்க்க வேண்டும்.