ஓட்டுவதற்கு எது: வின்சென்ட் ரபீடா, பிளாக் ஷேடோவா, பிஎஸ்ஏ கோல்டு ஸ்டாரா?

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க நினைப்பவர், அதைக் கண்காட்சியில் நிறுத்தப் போகிறாரா, சாலையில் ஓட்டப் போகிறாரா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இந்த அலசல் ஓட்டப் போகிறவருக்கானது. ஆகவே நாட்டிங்ஹாமில் 1924 முதல் 1940 வரை 400-க்கும் குறைவாகவே கட்டப்பட்ட பிரஃப் சுப்பீரியர் எஸ்எஸ்100 வண்டியை இப்போதே ஒதுக்கிவிடலாம். அதற்குக் கேட்கப்படும் விலையைக் கொடுத்தவருக்கு மழை நாளில் அதை வெளியே எடுக்க மனம் வராது. மிஞ்சுபவை மூன்று: ஸ்டீவனேஜில் உருவான வின்சென்ட் ரபீட், அதே எஞ்சினைக் கூர்தீட்டி 1948-இல் வெளியிடப்பட்ட பிளாக் ஷேடோ, பர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத் ஆலையில் பிறந்த பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார் டிபிடி34.

கோல்டு ஸ்டார் இவற்றில் எடை குறைந்தது. பார்வைக்கும் அதுவே அழகு என்பது என் எண்ணம். 499 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைக் கொண்ட இவ்வண்டி, பந்தயத் தடத்துக்கு ஓட்டிச் சென்று, போட்டியில் கலந்துகொண்டு, மாலையில் அதிலேயே வீடு திரும்பும் இளைஞரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. அந்தப் பிறவிக்குணம் இன்றும் மாறவில்லை. அமால் ஜிபி கார்புரேட்டர் சிக்னலில் நிற்கும்போது எஞ்சினை நிதானமாக ஓடவிடாது; நெருக்கமான பற்சக்கர விகிதங்களைக் கொண்ட கியர்பெட்டியில் முதல் கியரே மணிக்கு 60 மைலை நெருங்கும் என்பதால், ஏற்றத்தில் வண்டியைக் கிளப்பும்போது கிளட்ச்சை நழுவவிட்டுக்கொண்டே போக வேண்டும். திறந்த நாட்டுப்புறச் சாலையில் இவையெல்லாம் மறந்துபோகும். ஊருக்குள் நுழைந்ததும் நினைவுக்கு வரும்.

வின்சென்ட்டின் கதை வேறு. நிறுவனர் பிலிப் வின்சென்டும் ஆஸ்திரேலியப் பொறியாளர் ஃபில் இர்விங்கும் வகுத்த 998 சிசி வி-ட்வின் எஞ்சின் (இரு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்தது), போருக்குப் பிந்தைய வடிவத்தில் வண்டியின் எலும்புக்கூடாகவே ஆகிவிட்டது: கீழ்ச்சட்டம் என்று ஒன்று கிடையாது, எஞ்சினுக்கு மேலே செல்லும் பெட்டிபோன்ற உத்தரமே எண்ணெய்த் தொட்டியாகவும் இருக்கிறது. இரு சக்கரங்களிலும் இரண்டிரண்டாக நான்கு டிரம் பிரேக்குகள் உண்டு. அச்சிலேயே பொருத்திய கைப்பிடியைத் திருகினால், ஸ்பேனர் இல்லாமலே சக்கரத்தைக் கழற்றிவிடலாம். வழியில் பஞ்சர் ஆனால் ஓட்டுபவர் என்ன செய்வார் என்று யோசித்தவர்கள் வரைந்த வண்டி இது என்பது அந்த ஒரு கைப்பிடியிலேயே தெரிந்துவிடும்.

இதன் பலவீனம் கிளட்ச். சிறிய தட்டு ஒன்று முதலில் பிடித்து, அதன் விசையால் இரண்டு ஷூக்கள் விரிந்து டிரம்மைக் கவ்வும் அமைப்பு அது. நன்றாகப் பொருத்தியிருந்தால் இரு விரலால் இயக்கலாம். எண்ணெய் கசிந்து தட்டில் பட்டுவிட்டாலோ வழுக்கத் தொடங்கிவிடும். பலர் இதை எடுத்துவிட்டுப் பல தட்டுக் கிளட்ச்சைப் போட்டுக்கொள்கிறார்கள். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். தினமும் ஓட்டுபவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ரபீடா, பிளாக் ஷேடோவா என்பதில் என் தேர்வு தயக்கமின்றி ரபீட். ஷேடோ 55 குதிரைத்திறனும் மணிக்கு 125 மைல் வேகமும் கொண்டது. கறுப்பு எனாமல் பூசிய எஞ்சினும், 150 மைல் வரை குறித்த பெரிய ஸ்மித்ஸ் வேகமானியும் அதன் அடையாளங்கள். ரபீட் 45 குதிரைத்திறனுடன் 110 மைல் வரை போகும். எழுபது வயதைக் கடந்த டிரம் பிரேக்குகளை நம்பி அந்த மேல்மிச்சமான 15 மைலைத் தேடிப் போகிறவர்கள் மிகச் சிலரே. ஆனால் விலையில் உள்ள வித்தியாசத்தை ஷேடோவை வாங்கும் எல்லோருமே கொடுக்கிறார்கள். போருக்குப் பிறகும் சில ஆண்டுகள் கிடைத்த தரம் குறைந்த பெட்ரோலையும் தாங்கும்படி, எரிகலவையை அளவோடு மட்டுமே அழுத்தும் குறைந்த அமுக்க விகிதத்துடன் ரபீட் கட்டப்பட்டதால், எஞ்சின் அலட்டாமல் ஓடுகிறது. உதைத்துக் கிளப்புவதும் அந்த அளவுக்கு எளிது.

உதிரிபாகத்திலும் வின்சென்ட்டுக்கே முன்னிலை. 1955-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி என்றாலும், உரிமையாளர் சங்கத்தினர் தொடங்கிய உதிரிபாக நிறுவனம் அநேகமாக எல்லாப் பாகங்களையும் புதிதாகச் செய்து தருகிறது. புதுப் பாகங்களைக் கொண்டே ஒரு முழு பிளாக் ஷேடோவைக் கட்டிக்காட்டியும் இருக்கிறார்கள்.

இந்த வசதியே போலிக்கும் இடம் கொடுக்கிறது. கோல்டு ஸ்டாரிலும் ஏமாற்று எளிது: பிஎஸ்ஏவின் சாதாரண பி31, பி33 வண்டிகளின் சட்டத்தில் கோல்டு ஸ்டார் எஞ்சினை ஏற்றிவிடுவார்கள். அசல் சட்டத்தில் உள்ளதுபோல், எண்ணெய் பம்புக்கு இடம்விட்டு வலப்பக்கக் கீழ்க்குழாயில் ஒரு வளைவு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஆலையிலேயே சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் வெவ்வேறாக இருந்ததால், ஆலையிலிருந்து வண்டி வெளியேறியதைக் குறித்த அனுப்புகைப் பதிவேட்டைப் பார்க்காமல் எதையும் உறுதிசெய்ய இயலாது. வின்சென்ட் ட்வினில் கணக்கு எளிது: சட்ட எண்ணிலிருந்து 1900-ஐக் கழித்தால் எஞ்சின் எண் வர வேண்டும், பின்சட்டத்திலும் மேல்சட்டத்தின் (எண்ணெய்த் தொட்டியான அந்த உத்தரத்தின்) எண்ணே இருக்க வேண்டும். இவை பொருந்தாத ரபீடை ஓட்டுவதற்கு வாங்குபவர் ஒதுக்கத் தேவையில்லை; விலையைக் குறைத்துக் கேட்க அதுவே தக்க காரணம். ஆனால் கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிக்கூட்டின்) இரு பாதிகளிலும் பொறித்த இணை எண்கள் வேறுபட்டால் விலகிவிடுவதே நல்லது. ஜோடியாகக் கடையப்படாத இரு பாதிகளில் பேரிங்குகள் ஒரே கோட்டில் அமையும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.