கட்சி தாவியவரின் பதவியைப் பறிப்பது யார்? மூன்று வழிகள், ஓர் அலசல்

2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு பேரவையில் நம்பிக்கை வாக்கு கோரியது. ஓ.பன்னீர்செல்வம் உட்பட 11 அதிமுக உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று தினகரன் அணியினர் ஆளுநரைச் சந்தித்து, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரை சபாநாயகர் தனபால் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதிர்த்து வாக்களித்தவர்கள் மீதான புகாரோ உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியில் அதே சபாநாயகரிடம் திரும்பி வந்தது. 2021இல் பேரவையின் காலம் முடிந்தது. அந்த 11 பேரில் ஒருவர்கூடத் தகுதி நீக்கம் செய்யப்படவில்லை. பின்னர் பழனிசாமியுடன் இணைந்துவிட்ட பன்னீர்செல்வம் கடைசி வரை துணை முதல்வர்.

18 பேரின் தகுதி நீக்கத்தை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. சட்டப்படி சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஆண்டிப்பட்டிக்காரரோ அரூர்க்காரரோ இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன நினைப்பார்? அவர்களுக்கு 2019 இடைத்தேர்தல் வரை எம்.எல்.ஏ.வே கிடையாது. சட்டமன்றத்தின் மீதான நம்பிக்கை இந்த மாதிரி இடங்களில்தான் கரைகிறது.

கோளாறு தனிமனிதரிடம் மட்டும் இல்லை, அமைப்பிலேயே இருக்கிறது. 1985இல் அரசியல் சட்டத்தின் 52ஆவது திருத்தம் கொண்டுவந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சித் தாவல் வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தை சபாநாயகருக்கே கொடுத்தது. 1992இல் கிஹோட்டோ ஹொலோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை 3-2 என்ற கணக்கில் ஏற்றது. மாறுபட்ட இரு நீதிபதிகள் சொன்ன காரணம் எளிமையானது: பெரும்பான்மையின் தயவில் பதவியில் இருப்பவர், அந்தப் பெரும்பான்மையையே தீர்மானிக்கும் வழக்கில் நடுவராக இருக்க முடியாது. அதன்பின் நடந்ததையெல்லாம் பார்த்தால் அவர்கள் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, மாற்று என்ன? முதல் வழி, சபாநாயகரிடமே அதிகாரத்தை விட்டுவிட்டுக் கெடு மட்டும் வைப்பது. 2020 ஜனவரியில், கட்சி மாறி அமைச்சரான ஒருவரைப் பற்றிய மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது. அது எவ்வளவு தூரம் பலித்தது என்பதைத் தெலங்கானாவில் பார்த்தோம். தானம் நாகேந்தர் பி.ஆர்.எஸ். எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே, 2024 மக்களவைத் தேர்தலில் செகந்திராபாத்தில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். கட்சி மாறினாரா இல்லையா என்று ஆராய இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. அப்படியும், அவரையும் சேர்த்துப் பத்துப் பேர் மீதான மனுக்கள் கிடப்பில் கிடந்தன. 2025 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் மூன்று மாதக் கெடு விதிக்க வேண்டியதாயிற்று.

கெடுவுக்குள் முடிவு வந்தாலும் நம்பிக்கை வந்துவிடாது. மகாராஷ்டிரத்தில் சிவசேனா இரண்டாக உடைந்த வழக்கில், நீதிமன்றம் கொடுத்த கடைசி நாளான 2024 ஜனவரி 10 அன்று சபாநாயகர் ராகுல் நர்வேகர் தீர்ப்பு சொன்னார். ஷிண்டே அணிதான் உண்மையான சிவசேனா, ஆனால் இரு தரப்பிலும் யாருக்கும் தகுதி நீக்கம் இல்லை என்பது தீர்ப்பு. கெடு வைத்தால் தாமதம் குறையும். சார்பு பற்றிய சந்தேகம் அப்படியே இருக்கும். பிரிட்டனைப் போல சபாநாயகர் கட்சியை விட்டு விலகிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். 1967இல் மக்களவைத் தலைவரானதும் நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகினார்தான். அது வழக்கமாக வேரூன்றவில்லை.

இரண்டாவது வழி தேர்தல் ஆணையம். 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு, 2015இல் சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கை, இரண்டும் இதைத்தான் பரிந்துரைத்தன: ஆணையம் சொல்லும் கருத்துப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ முடிவெடுக்கட்டும். உறுப்பினர் அரசின் கீழ் ஆதாயம் தரும் வேறு பதவி வகித்தார் என்ற வழக்குகளில் இந்த முறை ஏற்கெனவே இருக்கிறது. அதனால் 'சபையின் மாண்பு போய்விடும்' என்ற வாதம் நிற்காது. உறுப்பினரின் பதவியைச் சபைக்கு வெளியே ஒருவர் தீர்மானிப்பது நமக்குப் புதிதல்ல.

ஆனால் அந்த முறையின் ஓட்டையும் தெரிந்ததுதான். ஜார்க்கண்ட் முதல்வர் ஹேமந்த் சோரன் தொடர்பான ஆணையத்தின் கருத்து 2022 ஆகஸ்டில் ஆளுநருக்குப் போனது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்று மக்களுக்குச் சொல்லவே இல்லை. டெல்லியில் ஆம் ஆத்மியின் 20 எம்.எல்.ஏ.க்களை ஆணையத்தின் பரிந்துரைப்படி 2018 ஜனவரியில் நீக்கினார்கள். அவர்கள் தரப்பைச் சரியாகக் கேட்கவில்லை என்று மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதுவும் போக, 2023 சட்டத்துக்குப் பிறகு தேர்தல் ஆணையர்களைத் தேர்வு செய்யும் மூவரில் இருவர் பிரதமரும் அவர் நியமிக்கும் அமைச்சரும். அந்த ஆணையத்திடம் ஆட்சியின் உயிர்நாடியான வழக்கையும் கொடுக்க எனக்குத் தயக்கம்.

இதில் பாகிஸ்தான் அரசியல் சட்டத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கட்சித் தலைவரின் அறிவிப்பு வந்த இரண்டு நாளில் சபாநாயகர் அதைத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அனுப்பியதாகவே சட்டம் கொள்ளும். ஆணையத்துக்கு 30 நாள் கெடு. 2022 ஏப்ரல் 16 அன்று பஞ்சாப் பேரவையில் கட்சி மாறி வாக்களித்த 25 பேர் மே 20 அன்று பதவி இழந்தார்கள். மனுவின் மேல் யாரும் உட்கார்ந்துகொள்ள முடியாதபடி எழுதப்பட்ட விதி அது. இலங்கையில் கட்சி நீக்கிய உறுப்பினர் நேரே உச்ச நீதிமன்றம் போகலாம். 2024 ஆகஸ்டில் இரண்டு அமைச்சர்கள் அப்படிப் போய்த் தோற்று, நாடாளுமன்ற இருக்கையை இழந்தார்கள்.

மூன்றாவது வழி, மணிப்பூர் வழக்கில் நீதிபதி நாரிமன் நாடாளுமன்றத்துக்குச் சொன்ன யோசனை: ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதியோ, உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதியோ தலைமை தாங்கும் நிரந்தரத் தீர்ப்பாயம். என் ஓட்டு இதற்குத்தான். வெளிப்படையான விசாரணை, இரு தரப்பு வாதம், காரணம் எழுதிய தீர்ப்பு, இந்த மூன்றையும் இயல்பாகத் தரக்கூடியது இது ஒன்றுதான். பயமும் உண்டு. நம் நாட்டில் தீர்ப்பாயங்களில் காலியிடங்களை நிரப்பாமலே முடக்கிப்போட முடியும் என்பதைப் பலமுறை பார்த்துவிட்டோம். ஆகவே நியமனத்தை ஒன்றிய அரசின் கையில் மட்டும் விடக்கூடாது. தலைமை நீதிபதியும் எதிர்க்கட்சித் தலைவரும் இருக்கும் குழுவே உறுப்பினர்களைத் தேர்வு செய்ய வேண்டும். மனு தாக்கலானதும் தானாகவே தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், மூன்று மாதத்தில் முடிய வேண்டும்.

இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வேன். மனு நிலுவையில் இருக்கும்வரை அந்த உறுப்பினருக்கு அமைச்சர் பதவி கூடாது. மணிப்பூர் வழக்கின் நாயகர் சியாம்குமார், காங்கிரஸில் ஜெயித்த கையோடு 2017இல் பாஜக அரசில் அமைச்சரானவர். 2020 மார்ச் 18 அன்று உச்ச நீதிமன்றமே தன் தனி அதிகாரத்தால் அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கியது. பத்து நாளில் சபாநாயகர் அவரைத் தகுதி நீக்கம் செய்தார். மூன்று ஆண்டு நகராத கோப்பு அது. தாவலுக்குக் கிடைக்கும் கூலியை நிறுத்தி வைத்தால் தாமதத்தால் லாபம் பார்ப்பவர்கள் குறைவார்கள்.

இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும், அதனால் நடக்காது என்று பலர் கைவிரிக்கிறார்கள். 1985இல் இந்தச் சட்டத்தின் மசோதா ஜனவரி 24 அன்று அறிமுகமானது. 30ஆம் தேதி மக்களவையும், 31ஆம் தேதி மாநிலங்களவையும் நிறைவேற்றிவிட்டன.