சேலத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்

சேலத்தில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் பலரும் ஹோட்டல் பேரைச் சொல்வார்கள். என் தம்பி, சித்தப்பா பையன், தெருப் பேரைச் சொல்வான். குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, அரிசிபாளையம். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. பட்டறை விட்டதும் வீட்டுக்குப் போகிற வழியில் ஏதாவது ஒரு தள்ளுவண்டி முன்னால் நின்றுவிட்டுத்தான் போவான். ஜூன் பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து மகளோடு போயிருந்தபோது அவன் பின்னாலேயே சுற்றினோம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் தட்டுவடை செட்டு. இதைச் சாப்பிடாமல் சேலத்தைவிட்டுக் கிளம்பினால் வந்ததற்கே அர்த்தமில்லை. நாலு மணிக்கு மேல்தான் வண்டிகள் வரும். குகையில் நாங்கள் போன வண்டியில் ஒரு அக்கா நின்றிருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற, தட்டை மாதிரி மொறுமொறுப்பான தட்டுவடைகளைத் தட்டில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் பூண்டும் காய்ந்த மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னியை ஒரு இழுப்பு, மல்லி-புதினாச் சட்னியை ஒரு இழுப்பு. மேலே துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம். அதன் தலையில் இன்னொரு தட்டுவடையை வைத்து ஒரு அழுத்து. கை வேலை செய்துகொண்டிருக்க, வாய் அடுத்த ஆளை விசாரிக்கிறது: "உனக்குக் காரம் எப்படி கண்ணு?" என் மகள் திருதிருவென முழித்ததும், கேட்காமலே சிவப்பைக் குறைத்துப் பச்சையைக் கூட்டிக் கொடுத்தார். செட்டை முழுசாக வாய்க்குள் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி சட்டையில்தான்.

மாங்காய் செட்டு, முறுக்கு செட்டு என்று வகைகள் உண்டு. என் ஓட்டு நொறுக்கலுக்கு. தட்டுவடையையோ முறுக்கையோ கையால் உடைத்து, அதே சட்னி, காய்களோடு கலந்து ஸ்பூன் போட்டுத் தருவார்கள். அவித்த முட்டை சேர்த்தால் முட்டை நொறுக்கல். கலந்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும். ஐந்து நிமிஷம் விட்டால் நமத்துப் போகும். பார்சல் வாங்குவதானால் சட்னியைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். சுத்தம் பற்றிக் கேட்பவர்களுக்கு: தட்டின் மேல் பாலிதீன் தாளோ இலையோ போடுகிற வண்டியாகப் பார்த்து நில்லுங்கள். குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். எங்கள் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பணம் கொடுப்பதுதான் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தலைவலி. வண்டிக்கு வண்டி க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் "சில்லறையா இல்லீங்களா, ஜிபே பண்ணிடுங்களேன்" என்கிறார்கள். என்ஆர்ஐ-களுக்கு ஒரு வழி இருக்கிறது: இந்திய வங்கியில் அவர்கள் வைத்திருக்கும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கை சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் கைபேசி எண்ணோடேயே யுபிஐ-யில் இணைக்கலாம். உங்கள் வங்கி இதைச் செய்து தருகிறதா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரின் பேநவ் பணப்பரிமாற்ற முறையை யுபிஐ-யோடு சேர்த்து 2023 பிப்ரவரியில் வந்த இணைப்பு ஊருக்குப் பணம் அனுப்பத்தான். வண்டிக்கார அக்காவிடம் அதை நம்பிப் போக முடியாது. என் தம்பி ஜிபே பண்ணிவிட்டுக் கணக்கு எழுதிக்கொண்டே வந்தான். கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டான், அது வேறு விஷயம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஸ். செல்வி மெஸ் பேரைச் சேலத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அசைவப் பிரியர்கள் ஒரு தடவை போகத்தான் வேண்டும். ஒரு மணிக்கு மேல் போனால் காத்திருக்க நேரிடும். தம்பி விரும்பிப் போவது பேர்ப்பலகை மங்கிப்போன சின்ன மெஸ்களுக்கு. இலை போட்டுக் குழம்பு ஊற்றிய பிறகு, கிண்ணங்கள் அடுக்கிய ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து கண்ணெதிரே காட்டுவார்கள். வேண்டியதைத் தொட்டுக் காட்டினால் போதும். நாம் தொட்டுக் காட்டுகிற ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு, மறந்துவிடாதீர்கள். பள்ளிபாளையம் சிக்கன் இருந்தால் விடாதீர்கள். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லு. மசாலாப் பொடி வாடையே பெரிதாக இராது. பள்ளிபாளையம் இப்போது நாமக்கல் மாவட்டம்தான், ஆனால் 1997 வரை நம்ம சேலம்.

ஏற்காட்டில்தான் மனசு கசந்தது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்த மலை. வழியெல்லாம் சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டம், மரத்தில் மிளகுக் கொடி. இவ்வளவையும் பார்த்துக்கொண்டே போய், பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி கண்ணாடி போட்ட ஒரு பெரிய ஹோட்டலில் உட்கார்ந்து காப்பி கேட்டால், வெந்நீர்ப் பாலில் இன்ஸ்டன்ட் தூள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்க ஆளில்லை, பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பில்லில் ஜிஎஸ்டிக்கு மேலே சர்வீஸ் சார்ஜ் வேறு. அதை நம் சம்மதமில்லாமல் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. "இதை எடுத்துடுங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான் கணக்கு.

"வாக்கா, நான் காட்டறேன்" என்று தம்பி கீழே கூட்டிப்போனது பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடைக்கு. பித்தளை ஃபில்டரில் முதல் டிகாக்‌ஷன், தோட்டத்துத் தூள். "சிக்கரி போட்டதா, போடாததா?" என்று கடைக்காரர் கேட்டபோதே பாதி திருப்தி வந்துவிட்டது. தூளையும் அங்கேயே நூறு கிராம், இருநூறு கிராம் என்று வாங்கலாம். ஏரிக்கரைக் கடைகளில் மிளகாய் பஜ்ஜி பரவாயில்லை. காளான் வறுவல் என்ற பேரில் தருகிற அந்தச் சிவப்பு மாவுருண்டையைத் தவிர்த்துவிடுங்கள். சனி, ஞாயிறில் மலையேறவே வேண்டாம். வண்டியை நிறுத்த இடம் தேடுவதிலேயே பஜ்ஜி நேரம் போய்விடும்.

குடிப்பதற்கு ஊருக்குள் பஞ்சமில்லை. காலையில் கம்மங்கூழ் வண்டி, மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் கடித்துக்கொள்ள. மத்தியானம் இளநீர், கரும்புச் சாறு. கரும்புச் சாற்றில் ஐஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராத்திரி கடைவீதிப் பக்கம் சுண்டக் காய்ச்சிய பால்.

மாம்பழத்துக்குச் சின்னக்கடை வீதி. ஜூனில் மல்கோவாவும் இமாம் பசந்தும் கிடைக்கும். மல்கோவா உருண்டை, கையில் எடுத்தால் கனக்கும், கொட்டையைச் சுற்றி நாரே தெரியாது. இமாம் பசந்துக்குத் தோல் மெல்லிசு, அதிகம் பயணம் தாங்காது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை; ஆனாலும் மேலே ஒரே மஞ்சளாக இருந்து காம்புப் பக்கம் வாசமே வராத பழத்தை நான் தொடுவதில்லை. கடைக்காரப் பெரியவர் விலை சொல்வதற்கு முன் கேட்டது, "என்னிக்குச் சாப்பிடப் போறீங்க?" இன்று ராத்திரிக்கு இரண்டு, நாளை மறுநாளுக்கு மூன்று என்று அதற்கேற்ற பதத்தில் தனித்தனியாகப் பொறுக்கிக் கொடுத்தார். விமானத்தில் கொண்டுபோக என்றதும் இமாம் பசந்தைத் திரும்பக் கூடையிலேயே வைத்துவிட்டார்.

நான் சும்மா இருக்காமல், "இதுல பாதி கிருஷ்ணகிரிப் பழம்தானுங்களே?" என்றேன்.

"1965-க்கு முன்னாடி அது எந்த ஜில்லாம்மா?" என்றார். சேலத்திலிருந்து கிருஷ்ணகிரியையும் சேர்த்துத் தருமபுரி மாவட்டத்தைப் பிரித்த வருஷத்தைச் சொல்கிறார். பேரம் பேசாமல் காசைக் கொடுத்தேன்.