ரயில் கால அட்டவணை கற்றுத்தர: கிராஃப் தாளா, எக்செலா, மென்பொருளா?

போக்குவரத்துப் பொறியியல் வகுப்புக்காக நான்கு வழிகளைப் பார்த்தேன்: கிராஃப் தாள், எக்செல், ஜேட்ரெயின்கிராஃப் (கால அட்டவணையைக் கோட்டுப் படமாக வரையும் மென்பொருள்), ஓப்பன்ட்ராக் (ரயில் ஓட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்). இப்போது வகுப்பில் ஓடுவது ஜேட்ரெயின்கிராஃப். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

நான்கிலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு அச்சில் நேரம், இன்னொன்றில் ஸ்டேஷன்கள், ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. நேரம் கிடை அச்சில் இருந்தால், வேகமான ரயிலின் கோடு செங்குத்தாகும், நின்றால் படுத்துவிடும். செக்‌ஷன் கன்ட்ரோலர்கள் (ஒரு பாதைப் பகுதியில் ரயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துபவர்கள்) காலங்காலமாகக் கையால் வரைந்த சார்ட்டும் இதுவே.

விலையில் பேச அதிகமில்லை. ஜேட்ரெயின்கிராஃப் இலவசம், ஜாவாவில் ஓடுவது. ஓப்பன்ட்ராக் காசு கொடுத்து வாங்க வேண்டியது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு: ஒரு நேரத்தை மாற்றினால் மற்றதெல்லாம் என்ன ஆகிறது என்பதை மாணவர் தானே பார்க்க முடிகிறதா? விழுப்புரம்–மயிலாடுதுறை சிங்கிள் லைனை (இரு திசைக்கும் ஒரே தண்டவாளம்) பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரு திசையிலும் மணிக்கு ஒரு ரயில் என்று ஒரு கற்பனை அட்டவணை. ஒவ்வொரு ரயிலும் அரை மணிக்கு ஒருமுறை எதிர் ரயிலைச் சந்திக்கும். சந்திக்கும் இடம், ஒரு ரயில் ஒதுங்கி நின்று மற்றதற்கு வழிவிடக்கூடிய கிராசிங் ஸ்டேஷனாக இருந்தாக வேண்டும். இப்போது மயிலாடுதுறையிலிருந்து புறப்படும் ரயில்களை எல்லாம் 10 நிமிடம் தள்ளுங்கள். எல்லாச் சந்திப்புகளும் 5 நிமிட ஓட்ட தூரம் மயிலாடுதுறைப் பக்கம் நகரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகமென்றால் 5 கிலோமீட்டர். சிதம்பரத்தில் பிசகில்லாமல் விழுந்த கிராசிங், கொள்ளிடம் ஆற்றுப் பக்கம் நடு வழிக்குப் போய்விடும். ஒரு ரயிலை முன்ஸ்டேஷனில் காக்க வைத்தால், அந்தத் தாமதம் அதன் அடுத்த கிராசிங்கைப் பிடித்து இழுக்கும்.

கிராஃப் தாளில் இதைச் செய்து காட்ட அத்தனை கோடுகளையும் அழிக்க வேண்டும். மாணவர் ஒருமுறை அழிப்பார். அடுத்த யோசனை வந்தாலும், "இதுவே போதும் சார்" என்று எழுந்துவிடுவார். ஜேட்ரெயின்கிராஃபில் எண்ணை மாற்றினால் கோடு நகர்கிறது. ஏழெட்டு யோசனைகளைப் பார்த்துவிட்டு எது மோசம் என்று அவர்களே சண்டை போடுகிறார்கள். பாடம் அந்தச் சண்டையில்தான் இருக்கிறது.

எக்செலிலும் இது முடியும். சூத்திரம் சரியாகப் போட்டால் கோடுகள் சேர்ந்தே நகரும். ஆனால் நள்ளிரவைத் தாண்டும் ரயில் வந்ததும் கோடு படத்தின் குறுக்கே பின்னால் பாயும். அப்புறம் வகுப்பு ரயிலை விட்டுவிட்டு எக்செலைப் படிக்கத் தொடங்கிவிடும்.

ஓப்பன்ட்ராக் சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வில் பிறந்தது. தண்டவாளம், சிக்னல், எஞ்சினின் இழுவிசை எல்லாம் கொடுத்தால் ரயிலை ஓட்டிக் காட்டும். நான் அதை ஒரு சின்னப் பாதையில் தொட்டுப் பார்த்ததோடு சரி, ஆகவே என் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்ட நேரம் எங்கிருந்து வருகிறது, சிக்னல் எங்கே தடுக்கிறது என்று கேட்கும் முதுநிலை மாணவருக்கு அதுதான் சரி. முதல் மாதத்தில் கொடுத்தால் பாதையை உள்ளிடுவதிலேயே நேரம் போய்விடும்.

கிராஃப் தாளைத் தூக்கிப் போடவில்லை. முதல் வகுப்பில் நாலைந்து ரயில்களைக் கையால் வரையச் சொல்கிறேன், சாய்வு விரலுக்குப் பழக வேண்டுமே. கடைசியிலும் அது திரும்ப வருகிறது. விழுப்புரத்தில் ஐந்து திசைப் பாதைகள் சேர்கின்றன. எந்த ரயில் எந்த பிளாட்பாரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை இந்தக் கோட்டுப் படம் சொல்லாது. அதற்குத் தனியாக ஒரு பிளாட்பார சார்ட், இன்னமும் பென்சிலில்தான் போடுகிறோம்.