எடிட்டிங் கணினி வாங்குவோர் கவனத்திற்கு: மூன்று மாத வருமானம் போய்விட்டது

கணினி வந்து பதினோரு நாள்கள் ஆகின்றன. பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற பதில் நேற்று இரவுதான் வந்தது. வீடியோ எடிட்டிங்கிற்கென்றே கணினிகளைத் தொகுத்து இணையம் வழியாக விற்கும் ஒருவரிடம் என் மூன்று மாத வருமானத்தை அப்படியே கொடுத்து ஏமாந்திருக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இறுதியில் சொல்கிறேன்.

என் கேமரா 4கே காட்சிகளை எச்.265 கோடெக்கில் (காட்சியைச் சுருக்கிச் சேமிக்கும் முறை), நிறத் தகவல் அதிகம் கொண்ட 10 பிட், 4:2:2 வடிவில் பதிவு செய்கிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் தெரிவித்திருந்தேன். “ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் இருக்கிறது சார், எந்தக் கோப்பானாலும் கார்டு பார்த்துக்கொள்ளும்” என்றார். அதோடு நில்லாமல் வீடியோ அழைப்பில் வந்து, ஒரு 4கே கோப்பை டைம்லைனில் போட்டு முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினார், ஓரிடத்திலும் திக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் விழுந்தேன். அது என்ன வடிவக் கோப்பு என்று கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அது நிறத் தகவல் குறைவான, ஓட்டுவதற்கு எளிதான 8 பிட், 4:2:0 கோப்பு என்பதை, பின்னர் நான் துருவித் துருவிக் கேட்டபோதுதான் ஒப்புக்கொண்டார்.

என் கோப்பைப் போட்டதும் படம் நின்று நின்று நகர்ந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், பிராசசர் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருக்க, கிராபிக்ஸ் கார்டின் ‘வீடியோ டீகோட்’ கோடு (சுருக்கிய காட்சியை விரித்துப் படமாக்கும் வேலையின் அளவு) 0-இல் படுத்துக் கிடந்தது. காரணம் எளிது: எனக்கு வந்தது போன்ற என்விடியாவின் 40 வரிசைக் கார்டுகளில் 4:2:2 கோப்புகளை டீகோட் செய்யும் வசதி கிடையாது, 2025-இல் வந்த 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் 11-ஆம் தலைமுறை முதல் உள்ளமைந்த கிராபிக்ஸே எச்.265-இன் இந்த வடிவத்தைக் கையாளும். ஆனால் எனக்கு வந்திருந்ததோ, பெயரின் முடிவில் ‘எஃப்’ போட்ட, உள்ளமைந்த கிராபிக்ஸே இல்லாத பிராசசர். கொஞ்சம் பணம் மிச்சம் பிடிக்க இதைச் செருகிவிட்டு, என் மூன்று மாத வருமானத்தை வாங்கிக்கொண்டார்!

முதல் நாள் டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னார். மூன்றாம் நாள் ராம் போதாது, இன்னொன்று வாங்குங்கள் என்றார். ஆறாம் நாள் குற்றம் கேமராமீது போயிற்று. அதன்பின் அழைப்பை எடுக்கவே இல்லை. “கணினி இயங்குகிறது, எனவே பழுது இல்லை” என்ற ஒரு வரியோடு நேற்று முடித்துவிட்டார்.

இப்போது ஒவ்வொரு கோப்பையும் புரோரெஸ் பிராக்ஸியாக, அதாவது எடிட்டிங்கிற்கு எளிதான தற்காலிக நகலாக, மாற்றித்தான் வேலை செய்கிறேன். இரவெல்லாம் அதற்கே போகிறது.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. உங்கள் கேமராவின் கோப்பையே அனுப்பி, அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டீகோட் கோடு எழுகிறதா என்று பாருங்கள். 4:2:2 என்றால் ‘எஃப்’ பிராசசரையும் பழைய வரிசைக் கார்டையும் சேர்த்து வாங்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன், மூன்று மாத வருமானம்.